பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைக்கு என்ன சொல்வது?

 

கொஞ்சம் நீளமான பதிவு இது. கிரிக்கெட்டில் தொடங்கி எங்கள் பிள்ளைகளில் முடியும். கிரிக்கெட் பிடிக்காத உம்மாமாரும் அம்மாமாரும் பாதியில் விட்டுவிட்டுப் போகாமல் கடைசிவரை வாசியுங்கள். பாதிக்கு மேல் உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறோம்.

டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் எங்கள் மதீஷ பத்திரணவைக் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணி 18 கோடி இந்திய ரூபாய்க்கு வாங்கியது. எங்கள் காசுக்கு 60 கோடிக்கு மேல் வரும். டித்வா புயல் கொண்டுவந்த சேற்றைப் பல வீடுகளில் இன்னும் கழுவி முடிக்காத நாட்கள் அவை. அப்படியிருந்தும் வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சலூன்களிலும் இரண்டு மூன்று நாளைக்கு இதே பேச்சுத்தான். மனிதர்களுக்குக் கவலையை மறக்க ஏதாவது வேண்டும்தானே. வகுப்பிலும் அதே கதை. 9ஆம் தரத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து கேட்டான்:

"சேர், 13 கோடிக்கு வேணாம் எண்டு சென்னை விட்ட ஆளை, ஒரு மாசத்தில 18 கோடிக்கு எடுக்கிறாங்க. இதில யாருக்கு சேர் பைத்தியம்?"

யாருக்கும் பைத்தியம் இல்லை. ஆனால் அதை விளங்கப்படுத்த ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது. அந்தக் கணக்கை இங்கேயும் எழுதுகிறோம். ஏனென்றால், எங்கள் வீடுகளில் வருடா வருடம் கண்ணீர் வரவைக்கும் வேறு பட்டியல்களையும் இந்தக் கணக்கைக் கொண்டு வாசிக்கலாம்.

முதலில் பத்திரணவின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த பிள்ளை. மாலிங்கவைப் போலக் கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிவதுபோல் வீசுபவர். 2022இல் சென்னை சுப்பர் கிங்ஸ் அணியில் அடம் மில்ன் காயப்பட்டபோது, அவருடைய இடத்துக்கு 20 இலட்சம் ரூபாய்க்கு வந்தார். அப்போது வயது 19. முதல் போட்டியில் வீசிய முதல் பந்திலேயே சுப்மன் கில்லை ஆட்டமிழக்கச் செய்தார். 2023இல் 12 போட்டிகளில் 19 விக்கெட். சென்னை ஐந்தாவது முறையாகக் கிண்ணம் வென்றது. 2024இல் 6 போட்டிகளில் 13 விக்கெட், பிறகு காயம். அந்த வருடக் கடைசியில் பெரிய ஏலத்துக்கு முன்னர் சென்னை அவரை 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. 2025இல் 12 போட்டிகளில் 13 விக்கெட். ஆனால் ஓவருக்கு 10 ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார், வைட் பந்துகளும் கூடின. 14 போட்டிகளில் 4இல் மட்டும் வென்ற சென்னை, தன் வரலாற்றில் முதல் தடவையாகப் பட்டியலின் அடியில் முடித்தது. நவம்பரில் அவரை விடுவித்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். இருபதுக்கு 20 போட்டியில் ஒருவருக்கு நான்கு ஓவர்தான். ஆகவே குறைந்தது ஐந்து பந்துவீச்சாளர் வேண்டும். அந்த ஐந்து பேரும் ஒரே வேலை செய்பவர்களாக இருந்தால் அணி தோற்கும். முதல் ஆறு ஓவரில் புதுப் பந்தைத் திருப்பத் தெரிந்தவர் வேண்டும். நடுவில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தச் சுழற்பந்து வேண்டும். கடைசி நான்கைந்து ஓவரில், துடுப்பாட்டக்காரர் எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கும் நேரத்தில், காலடிக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும். பத்திரணவின் வேலை அந்தக் கடைசி வேலை. அமெரிக்காவின் பேஸ்போலிலும் இதே பிரிவு உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவர் வேறு, நடுவில் வந்து தாங்குபவர் வேறு, கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பவர் வேறு. அங்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அணிகள் இதே கணக்கைத்தான் போடுகின்றன. யாரை வைத்திருப்பது, யாரை விடுவது, மிச்சக் காசில் எந்த ஓட்டையை அடைப்பது?

ஐ.பி.எல்.இல் இன்னும் இரண்டு வேலிகள் இருக்கின்றன. பதினொரு பேரில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான். ஓர் அணி 2026க்கான தன் வீரர்கள் அனைவருக்குமாகச் செலவழிக்கக்கூடிய தொகை 125 கோடி. அதில் 13 கோடி என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அவ்வளவும் கடைசி ஓவர்களை வீசும் ஒருவருக்கு. சென்னையிடம் ஏற்கெனவே நூர் அஹ்மத், டிவோல்ட் பிரெவிஸ், ஜேமி ஓவர்டன், நேதன் எலிஸ் என்று நான்கு வெளிநாட்டவர் இருந்தார்கள். இதில் எலிஸும் கடைசி ஓவர் வீசக்கூடியவர். அவருடைய விலை 2 கோடி. இன்னொரு பக்கம், ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கியாகிவிட்டது. ஜடேஜா போன இடத்தில் இடது கையால் சுழற்பந்து வீசி, துடுப்பும் பிடிக்கும் இந்தியப் பிள்ளை ஒருவன் வேண்டும். ஆகவே காசை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சர்வதேசப் போட்டி எதுவும் ஆடாத பிரஷாந்த் வீருக்கு 14 கோடி 20 இலட்சம். அதே தொகை கார்த்திக் ஷர்மா என்ற இளம் விக்கெட் காப்பாளருக்கு.

கொல்கத்தாவின் நிலைமை வேறு. அன்ட்ரே ரசல் போய்விட்டார். என்ரிக் நோக்யாவையும் ஸ்பென்ஸர் ஜோன்சனையும் விட்டாயிற்று. கடைசி ஓவர் வீச ஆளில்லை, கையில் எல்லா அணிகளையும் விட அதிகமான காசு. அதோடு அந்த அணியின் ஆலோசகர் டுவைன் பிராவோ. அவர் சென்னையில் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக இருந்து பத்திரணவின் நல்ல காலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

அதே பிள்ளை, அதே கை, அதே பந்து. 20 இலட்சம், 13 கோடி, வேண்டாம், 18 கோடி. நான்கு வருடத்துக்குள் நான்கு பதில்கள். இந்த நான்கில் எது பத்திரணவின் பெறுமதி என்று வகுப்பில் கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வாங்கில் இருந்த பிள்ளை சொன்னான்: "ஒண்டுமே இல்ல சேர். அது வாங்கிறவங்கட தேவை."

இதைவிட நன்றாக எங்களுக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிவாசல் வாசலில் ஒரு பெரியவர் வேறு மாதிரிச் சொன்னார். அரபியில் ரிஸ்க் என்றால் இறைவன் ஒருவருக்கு எழுதிய பங்கு. ஆங்கிலத்தில் ரிஸ்க் என்றால் ஆபத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். "சென்னைக்கு அந்தப் பொடியன் ஒரு ரிஸ்க். அவனுக்கு அதுதான் ரிஸ்க்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு பேருடைய கதையைச் சொன்னோம். ஒருவர் முரளி. 2008இலிருந்து 2010வரை சென்னைக்கு ஆடினார். 2010இல் சென்னை முதல் தடவையாகக் கிண்ணம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்த மனிதர், தமிழர், சென்னையில் பெண்ணெடுத்தவர். அப்படிப்பட்டவரையே அடுத்த ஏலத்தில் சென்னை போகவிட்டது. கொச்சி அணி 11 இலட்சம் டொலருக்கு வாங்கியது. சென்னை தன் காசை அஷ்வின் என்ற உள்ளூர்ப் பிள்ளையைத் திரும்ப எடுக்கச் செலவழித்தது. அப்போது முரளிக்கு வயது 38, அஷ்வினுக்கு 24. அஷ்வின் இந்தியர் என்பதால் வெளிநாட்டு இடமும் மிச்சம். வெள்ளவத்தையில் அன்று எத்தனை பேர் கோபப்பட்டார்கள் என்பது வயதில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் கணக்கும் சரி.

மற்றவர் மாலிங்க. மும்பைக்காகப் பத்து வருடம் உழைத்தவர். 2018 ஏலத்தில் அவருடைய பெயரை வாசித்தபோது எட்டு அணிகளில் ஒன்றுகூடக் கை தூக்கவில்லை. மும்பையும் தூக்கவில்லை. ஆனால் சில நாட்களில் மும்பை அவரைப் பந்துவீச்சு ஆலோசகராகக் கூப்பிட்டது. அவரும் மனஸ்தாபம் பார்க்காமல் போனார். தன்னை எடுக்காத அணியின் இளம் பிள்ளைகளுக்கு யோர்க்கர் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருடம் அதே மும்பை 2 கோடிக்கு அவரை வீரராக வாங்கியது.

2019 மே 12. நோன்பு மாதம். ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து சரியாக மூன்று வாரம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி எழுதிக் காட்டத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் எல்லோருக்கும் நடந்துபோகும் தூரம். பயத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த நாட்கள் அவை. அன்றிரவு ஹைதராபாத்தில் மும்பைக்கும் சென்னைக்கும் இறுதிப் போட்டி. மாலிங்க தன் முந்திய ஓவரில் 20 ஓட்டங்கள் கொடுத்திருந்தார். அப்படியிருந்தும் கடைசி ஓவரை அவரிடமே கொடுத்தார்கள். சென்னைக்கு வேண்டியது 9 ஓட்டங்கள். கடைசிப் பந்தில் 2. அந்தப் பந்து ஷர்துல் தாக்கூரின் காலில் பட்டது. ஒரு ஓட்டத்தால் மும்பை வென்றது. கொழும்பில் வீடுகளுக்குள்ளேயே அடைபட்டிருந்த எத்தனையோ பேர் அந்த ஆறு பந்துகளுக்கும் தங்களுடைய கவலையை மறந்தார்கள். சென்னைப் பக்கம் நின்ற எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தோல்வி. ஒரு வருடத்துக்கு முன்னர் யாருமே கேட்காத கைதான் அந்த ஓவரை வீசியது.

இவ்வளவும் தூரத்துக் கதை. இப்போது பக்கத்துக் கதை.

பாடசாலையில் 15 வயதுக்குட்பட்டோர் அணியைப் பார்ப்பது நாங்கள் மூன்று ஆசிரியர்கள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கத்திலிருந்தும் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். முஸ்லிம், இந்து, கத்தோலிக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். சொந்த மைதானம் இல்லை. கிடைக்கும் இடத்தில், கிடைக்கும் நேரத்தில் பயிற்சி. சென்ற பருவம் முடிந்ததும் புதிய பட்டியல் எழுத உட்கார்ந்தோம். இடம் 15. வந்தவர்கள் 22. ஆறு பேர் வேகப்பந்து. இடது கைச் சுழற்பந்து ஒருவர்கூட இல்லை. விக்கெட் காப்பாளர் ஒரே ஒருவன். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளில்லை.

நான்கு வேகப்பந்து வீச்சாளர் போதும் என்று முடிவெடுத்தோம். விடுபட்ட இருவரில் ஒருவன், அதற்கு முந்திய வருடம் அணியில் அதிக விக்கெட் எடுத்த பிள்ளை. ஒரே வருடத்தில் அவன் உயரம் கூடிவிட்டது. ஓடிவரும் காலடி கணக்குத் தப்பி, பந்து எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாமல் போயிற்று. இது வளரும் பிள்ளைகளுக்கு வருவதுதான், காலம் எடுத்துச் சரிவரும்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தகப்பன் வந்தார். கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓடுபவர், தமிழர். மரியாதையாகத்தான் பேசினார். "சேர், குறை நினைக்க வேணாம். அந்தப் பதினைஞ்சு பேர்ல உங்கட ஆக்கள் எத்தனை, எங்கட ஆக்கள் எத்தனை எண்டு எண்ணிப் பார்த்தன். அதான் நேர கேட்டுட்டுப் போவம் எண்டு வந்தன்" என்றார்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்பது இதை வாசிக்கும் முஸ்லிம் சகோதரர்களுக்கு விளங்கும். இதே கேள்வியை வாழ்நாள் முழுக்க நாங்கள்தான் மற்றவர்களிடம் கேட்டு வந்திருக்கிறோம். வேலைக்கு விண்ணப்பித்தால், வீடு வாடகைக்குப் பார்த்தால், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், முதலில் மனதில் வருவது அதுதான். பிள்ளைகள்கூடக் கேட்பார்கள்: "சேர், எங்கட பேரால தானே?" இன்று ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்கிறார்.

அவர்மேல் எங்களுக்குக் கோபம் வரவில்லை. கதிரை போட்டு உட்காரவைத்து, அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினோம். ஆறு வாரப் பயிற்சியில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை பந்து வீசினான், எத்தனை குறித்த இடத்தில் விழுந்தது, எத்தனை வைட் போனது என்று திகதி போட்டு எழுதிய கொப்பி. அவர் ஆறு பேருடைய பக்கங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். விடுபட்ட மற்றப் பிள்ளை முஸ்லிம் பிள்ளை என்பதையும் கண்டார். "விளங்குது சேர்" என்றார். முழுத் திருப்தியோடு போனாரா என்றால், இல்லை. எந்தத் தகப்பனும் அப்படிப் போக மாட்டார். ஆனால் மகனைப் பயிற்சிக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளை இப்போது குறுகிய ஓட்டத்தில் வீசப் பழகுகிறான். துடுப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறான்.

அந்தக் கொப்பி இல்லாவிட்டால் அவருக்கு என்ன சொல்லியிருப்போம்? "நாங்கள் அப்படிப்பட்ட ஆக்கள் இல்லை" என்றுதான் சொல்லியிருப்போம். எல்லோரும் சொல்வது அதுதான். அதை யார் நம்புவார்?

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன்னர், வெளியில் நடந்த ஒரு தெரிவுப் பயிற்சியில் எங்கள் பிள்ளை ஒருவனின் பெயர் வரவில்லை. அவன் வீசியதை நாங்கள் நேரில் பார்த்தோம். எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் அந்த முடிவு வரவில்லை. முகநூலில் யாரையும் ஏசவில்லை. எந்த அளவுகோலில் தெரிவு செய்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வியோடு கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதமும் எழுதினோம். அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் புள்ளிகளை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். அதற்கு எங்கள் கடிதம்தான் காரணமா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இந்த இரண்டு வகையையும் பிள்ளைகள் பிரித்து அறியப் பழக வேண்டும். உலகத்தில் இரண்டுமே நடக்கின்றன.

2013ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் சென்னை அணியின் பட்டியலில் நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் இருந்தார்கள். இலங்கை வீரர்களோ நடுவர்களோ இருந்தால் சென்னையில் போட்டி நடத்த அனுமதியில்லை என்று தமிழ்நாட்டு அரசு சொன்னது. ஐ.பி.எல். நிர்வாகமும் அதற்கு உடன்பட்டது. ஹைதராபாத் அணியின் தலைவராக இருந்த சங்கக்காரவே சேப்பாக்கத்தில் இறங்க முடியவில்லை. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த தமிழ் மக்களின் வலி உண்மையான வலி. வெள்ளவத்தையில் இருக்கும் யாருக்கும் அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனாலும் குலசேகரவின் பந்துவீச்சில் அதற்கான பதில் இல்லை. அவர் எவ்வளவு நன்றாக வீசினாலும் அந்தக் கதவு திறந்திருக்காது. பத்து வருடம் கழித்து அதே மைதானத்தில் பத்திரண ஓடிவரும்போது மஞ்சள் சட்டை போட்ட சனம் எழும்பி நின்று கத்தியது. அவரைச் சென்னை விட்டபோது எங்கள் பக்கத்தில் இவ்வளவு பேருக்குக் கவலை வந்ததற்குக் காரணம் விக்கெட் மட்டும் இல்லை. இலங்கையையும் சென்னையையும் ஒரே மூச்சில் ஆதரிக்க அந்தப் பிள்ளை எங்களுக்கு வழி கொடுத்தான்.

2013 பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பத்திரணவை வாங்கிய அதே நாளில், அதே கொல்கத்தா அணி, பங்களாதேஷின் முஸ்தாபிசுர் ரஹ்மானை 9 கோடி 20 இலட்சத்துக்கு வாங்கியது. ஜனவரி 3ஆம் திகதி இந்தியக் கிரிக்கெட் சபை அவரை விடுவிக்கச் சொன்னது, கொல்கத்தாவும் விடுவித்தது. இரண்டு நாடுகளுக்கிடையில் உறவு கெட்டுப்போனதுதான் காரணம். இடையில் அவர் அந்த அணிக்காக ஒரு பந்துகூட வீசவில்லை.

பத்திரணவைச் சென்னை விட்டது. முஸ்தாபிசுரைக் கொல்கத்தா விட்டது. செய்தித் தலைப்பில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வருகிறது. முதலாவதைக் காசு, இடம், தேவை என்று கணக்குப் போட்டு விளங்கப்படுத்தலாம். இரண்டாவதற்கு எந்தக் கணக்கும் உதவாது. முதலாவதில் வீரருக்குத் தன் பந்தைத் திருத்த வாய்ப்பிருக்கிறது, வேறு அணி இருக்கிறது, அடுத்த வருடம் இருக்கிறது. இரண்டாவதில் அவர் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

உம்மாமாரே, அம்மாமாரே, இனி உங்கள் பகுதி. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி வரும்போது, பல்கலைக்கழக இசட் புள்ளி வரும்போது, பாடசாலை அணி, நாடகம், மாணவர் தலைவர் பட்டியல் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் மருத்துவ பீடத்துக்குப் போதாத இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீட்டின்படி இன்னொரு மாவட்டத்தில் போதும். ஒரே மூளை, ஒரே உழைப்பு. இந்த வருடம் எத்தனை இடம், எத்தனை பேர் வரிசையில் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. புயலால் நின்றுபோன உயர்தரப் பரீட்சையின் மிச்சப் பாடங்களை 2026 ஜனவரியில் எழுதிய பிள்ளைகள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். பெறுபேறு வரும் நாளில் அந்த எண்ணைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடாதீர்கள்.

ஒரு பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லையா? முதலில் கணக்கைப் பாருங்கள். எத்தனை இடம், என்ன தேவை, மற்றப் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள்? கணக்குச் சரிவந்தால் ஏற்றுக்கொண்டு, மாலிங்கவைப் போல மைதானத்தை விட்டுப் போகாமல் இருக்கச் சொல்லிக்கொடுங்கள். கணக்குச் சரிவராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள், அந்த ஓட்டோக்காரத் தகப்பன் கேட்டதைப்போல. பதில் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னரே, "எங்கட பேருக்கு இந்த நாட்டில ஒண்டும் கிடைக்காது" என்று பிள்ளையின் காதில் விழச் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளை முயற்சி செய்வதையே விட்டுவிடுகிறது. அதேபோல, "இங்கே பாகுபாடே இல்லை, எல்லாம் உன் பிழைதான்" என்றும் சொல்லாதீர்கள். அதுவும் உண்மையில்லை. பிள்ளைகளுக்கு அது தெரியும்.

பட்டியல் எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கும் இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒன்று, எழுதி வைப்பது. பட்டியல் ஒட்டிய பிறகு காரணம் தேடினால் அது காரணமாக இருக்காது, சாட்டாகத்தான் இருக்கும். இரண்டு, விடுபட்ட பிள்ளையிடம் நேரில் சொல்வது. அறிவித்தல் பலகையில் தன் பெயரைத் தேடித் தேடி இல்லையென்று கண்டுபிடிக்கும் வேலையை ஒரு 14 வயதுப் பிள்ளையிடம் விடக்கூடாது. பட்டியலை ஒட்டுவதற்கு முதல் நாள், விடுபடும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, ஏன் என்றும், எதைத் திருத்தினால் அடுத்த தவணை பார்ப்போம் என்றும் சொல்கிறோம். சிலர் அழுவார்கள். ஒருவன் எழும்பி அப்படியே போய்விட்டான். பரவாயில்லை, மூன்றாவது நாள் திரும்பி வந்தான்.

புதிய பருவத்துக்கான பயிற்சி தொடங்குவதற்கு முன்னர் பெற்றோர் கூட்டம் ஒன்று வைக்கிறோம். அணிக்கு இந்த வருடம் என்ன தேவை என்று அங்கே ஒரு தாளில் எழுதி ஒட்டுவோம். இப்போதைக்கு அதில் இருப்பவை: இடது கைச் சுழற்பந்து ஒருவர், இரண்டாவது விக்கெட் காப்பாளர், முதல் பத்து ஓவர் பொறுமையாக நிற்கக்கூடிய ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் ஒருவர். பயிற்சிக் கொப்பியும் மேசையில் இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் இடது கையால் பந்து எறியும் பிள்ளை இருந்தால், எந்த வீதி, எந்த மதம் என்று பார்க்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேகப்பந்து வீச்சாளர்களும் வரலாம். ஆனால் அந்த வரிசை இந்த வருடமும் நீளம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.